பார்ட்டி மாஸ்டரை யாரு பாத்துக்கறது: தனியாவா, காசு குடுத்தா, ஒட்டுக்காவா?

திருப்பூர்ல ஒரு டையிங் யூனிட் ஒரே கம்பெனிக்கு மட்டும் சாயம் போட்டுக் குடுக்கறதில்லீங்க, பத்து இருவது எக்ஸ்போர்ட்டருக்கு ஒரே நேரத்துல வேலை பாக்குது, நிட்டிங்கும் அப்படித்தான், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, பவர் டேபிள்ங்கற தையல் யூனிட்டு எல்லாமே அப்படித்தான். ஆனா அந்த டையிங்கோட ஜிஎஸ்டி நம்பர், பான், பேங்க் அக்கவுண்ட், உத்யம்ங்கற சிறுதொழில் பதிவு நம்பர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட அனுமதி எந்தத் தேதியில முடியுது, இதையெல்லாம் அந்த இருவது கம்பெனியும் இருவது எடத்துல தனித்தனியா டைப் பண்ணி வெச்சிருக்குது, இந்த லிஸ்ட்டைத்தான் பார்ட்டி மாஸ்டர்ங்கறோம். ஒரு எடத்துல திருத்துனது இன்னொரு எடத்துக்குப் போறதே இல்ல. பவர் டேபிள் வெச்சிருக்கறவரு ஜிஎஸ்டி சர்டிபிகேட், பான் கார்டு, கேன்சல் செக், உத்யம் பேப்பர் எல்லாத்துலயும் ஒரு கத்தை ஜெராக்ஸ் போட்டு பிளாஸ்டிக் கவர்ல சுருட்டி டிவிஎஸ் எக்ஸெல் வண்டியிலயே வெச்சிருப்பாரு, எந்த கம்பெனி கேட்டாலும் ஒரு செட்டை உருவிக் குடுத்துட்டுப் போயிட்டே இருப்பாரு, அது மூணு வருசத்துக்கு முன்னாடி எடுத்த ஜெராக்ஸா இருந்தாலும் யாரும் பாக்கறதில்ல.

இதை எப்படிச் சரி பண்றதுன்னு யோசிச்சா நாலு வழி தெரியுது. இப்ப இருக்கற மாதிரியே அவங்கவங்க டேலியிலயும் எக்ஸெல்லயும் பாத்துக்கறது ஒண்ணு. காசு குடுத்து செக் பண்ற சர்வீஸ் வாங்கறது ரெண்டு. சப்ளையரையே ஒரு போர்ட்டல்ல உக்கார வெச்சு நிரப்பச் சொல்றது மூணு. ஒரே ஆளுங்ககிட்ட வேலை வாங்கற நாலஞ்சு கம்பெனி சேர்ந்து ஒரே லிஸ்ட்டை ஒட்டுக்கா பராமரிக்கறது நாலு. என்னோட முடிவை முதல்லயே சொல்லிப்போடறேன், நம்ம ஊரு தொழில் இருக்கற அமைப்புக்கு நாலாவதுதான் சரி, ஆனா எல்லாத்தையும் பொதுவுல போடக்கூடாது, யாரு எதை எந்தத் தேதியில சரிபாத்தாங்கங்கறதைத்தான் பொதுவுல போடணும், பேங்க் அக்கவுண்டும் ரேட்டும் நம்ம கம்பெனி கதவைத் தாண்டவே கூடாது.

முதல்ல எது எது கெட்டுப்போகுதுன்னு பாக்கலாம், ஏன்னா அதைப் பாக்காம வழியை மட்டும் ஒப்பிட்டா பிரயோஜனமில்ல.

ஜிஎஸ்டி நம்பர் 15 எழுத்து. முதல் ரெண்டு மாநிலம், நமக்கு 33, கர்நாடகாவுக்கு 29, கேரளாவுக்கு 32. அடுத்த 10 அப்படியே பான் நம்பர். 13வது, அதே பான்ல அந்த மாநிலத்துக்குள்ள எத்தனையாவது ரிஜிஸ்ட்ரேஷன்னு சொல்றது, 14வது இசட், கடைசி எழுத்து முன்னாடி இருக்கற எல்லாத்தையும் வெச்சு கணக்குப் போட்டு வர்ற செக் எழுத்து. இதுல இசட்டை 2னு அடிக்கறது, பூஜ்யத்தையும் ஓவையும் மாத்தறது, இதெல்லாம் கம்ப்யூட்டரே கண்டுபுடிச்சிடும், ஏன்னா பான்ல எந்த எடத்துல எழுத்து எந்த எடத்துல எண்ணுங்கறது மாறவே மாறாது, மீறி வந்தாலும் கடைசி செக் எழுத்து இடிக்கும். அதனால தப்பா அடிச்ச நம்பர் பெரிய பிரச்சனை இல்லீங்க. சரியா அடிச்ச நம்பர் பழசாப் போறதுதான் பிரச்சனை.

அது எப்படிப் பழசாகுதுன்னா, அப்பா பேர்ல தனிநபர் தொழிலா நிட்டிங் இருந்திருக்கும், பொறவு பையனையும் சேத்து பார்ட்னர்ஷிப் ஆக்கியிருப்பாங்க, போர்டு அதேதான், மிஷின் அதேதான், போன் எடுக்கறதும் அதே ஆள்தான், ஆனா சட்டப்படி அது வேற ஆளு. புது பான், புது ஜிஎஸ்டி நம்பர். பழைய நம்பரை கேன்சல் பண்ணிடுவாங்க. நம்ம லெட்ஜர்ல பழசு அப்படியே கெடக்கும். இதுல டிடிஎஸ்ஸும், அதாவது பணம் குடுக்கறப்பவே பிடிக்கற வரியும் மாறும், 194சினு நாம பழகுன ஜாப் ஒர்க் பிடித்தம் தனிநபருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் 1 சதவீதம், மத்தவங்களுக்கு 2 சதவீதம். பான்ல நாலாவது எழுத்தைப் பாத்தாலே தெரியும், பி இருந்தா தனிநபர், எச் கூட்டுக் குடும்பம், எஃப் பார்ட்னர்ஷிப், சி கம்பெனி. லெட்ஜர்ல எழுத்து எஃப்புனு இருக்கும், பிடிச்சது 1 சதவீதமா இருக்கும், ஒரு தடவை பூரா லிஸ்ட்டையும் அந்த ஒரு எழுத்தை வெச்சு வடிகட்டிப் பாருங்க, எத்தனை மாட்டுதுன்னு உங்களுக்கே தெரியும்.

இன்னொண்ணு ஜிஎஸ்டி ஸ்டேட்டஸ். ஆள் ரெகுலர்ல இருந்து காம்போசிஷனுக்கு, அதாவது சின்ன வியாபாரிக்கான எளிய வரித் திட்டத்துக்குப் போயிருப்பாரு, அவரு பில்லுல வரி போடவே கூடாது, போட்டுக் குடுத்தாலும் நமக்கு கிரெடிட், அதாவது வாங்குனதுல கட்டுன வரியைக் கழிச்சுக்கறது, கெடைக்காது. இல்லாட்டி ரிட்டர்ன் போடாம சஸ்பெண்ட் ஆகியிருப்பாரு. 2022 ஜனவரியில இருந்து சப்ளையர் அவரோட விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர் 1ல காட்டி அது நம்ம கிரெடிட் லிஸ்ட்டான 2பியில வந்தாத்தான் கிரெடிட் எடுக்க முடியும். அவரு 1 போட்டுட்டு வரி கட்டற ரிட்டர்னான 3பி போடாம விட்டாருன்னா, அந்த வருசம் முடிஞ்சு செப்டம்பர் 30 வரைக்கும் பாத்துட்டு நவம்பர் 30க்குள்ள நாம எடுத்த கிரெடிட்டைத் திருப்பிக் கட்டணும், ரூல் 37ஏ அதைத்தான் சொல்லுது. அவரு பண்ற தப்புக்கு நம்ம காசு. 5 கோடிக்கு மேல டர்ன்ஓவர் இருக்கறவங்க 2023 ஆகஸ்ட் 1ல இருந்து இ-இன்வாய்ஸ் போட்டே ஆகணும், அவரு அந்தக் கோட்டைத் தாண்டிட்டாரான்னும் நாமதான் கவனிக்கணும்.

உத்யம் இருக்குதே, அதுதான் இப்ப நெம்ப ரோதனை. 2023 நிதிச் சட்டத்துல வந்த 43பி எச் பிரிவுப்படி மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்கு எழுத்துல ஒப்பந்தம் இல்லீன்னா 15 நாள், இருந்தா அதிகபட்சம் 45 நாளைக்குள்ள பணம் குடுக்கணும், தாண்டிக் குடுத்தா எந்த வருசம் குடுக்கறமோ அந்த வருசத்துலதான் அதைச் செலவாக் காட்ட முடியும். மீடியமா இருந்தா இது கெடையாது, வெறும் வியாபாரம் மட்டும் பண்ற ட்ரேடரா இருந்தாலும் கெடையாது. அப்ப ஒவ்வொரு பார்ட்டியும் மைக்ரோவா, ஸ்மாலா, மீடியமா, தயாரிப்பா, ட்ரேடிங்கானு தெரிஞ்சே ஆகணும். சரி, ஒரு தடவை கேட்டு வெச்சாப் போதாதான்னா, போதாது. 2025 ஏப்ரல் 1ல அளவையே மாத்திட்டாங்க. ஸ்மால்ங்கறது அதுவரைக்கும் 50 கோடி டர்ன்ஓவர், இப்ப 100 கோடி, முதலீடு 10 கோடியில இருந்து 25 கோடி. மைக்ரோ 5 கோடி டர்ன்ஓவர்ல இருந்து 10 கோடி ஆச்சு. அதனால 60 கோடி டர்ன்ஓவர் பண்ற ஒரு ஸ்பின்னிங் மில்லு அதுக்கு முன்னாடி மீடியமா இருந்து நமக்கு 90 நாள் கிரெடிட் குடுத்திட்டு இருந்திருக்கும், ஏப்ரல் 1 காலையில அது ஸ்மால் ஆயிடுச்சு, நூல் அதே நூல், ரேட் அதே ரேட், நம்ம பேமென்ட் தேதி மட்டும் தப்பாப் போச்சு. இந்த ஒரு மாத்தத்தை ஊர்ல இருக்கற அத்தனை கம்பெனி அக்கவுண்ட்ஸ் பிரிவும் தனித்தனியா ஒவ்வொரு மில்லுக்கும் போன் பண்ணிக் கேட்டுச்சு, அந்த மில்லுல இருந்த பொண்ணு ஒரே பதிலை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

அப்புறம் பேங்க். கரூர், ஈரோடு, திருப்பூர் பக்கம் லக்ஷ்மி விலாஸ் பேங்க்ல கணக்கு வெச்சிருந்த யூனிட்டுங்க ஏராளம், 1926ல கரூர்ல ஆரம்பிச்ச பேங்க் அது, 2020 நவம்பர் 27ல டிபிஎஸ்ஸோட சேத்தாங்க, பொறவு ஐஎஃப்எஸ்சி கோடு மாறுச்சு. அதுக்கு முன்னாடி அதே வருசம் ஏப்ரல்ல சிண்டிகேட் கனராவோட, கார்ப்பரேஷன் யூனியனோட, அலகாபாத் இந்தியன் பேங்கோட சேந்துச்சு. இந்த மாதிரி நேரத்துலதான் ஏமாத்தறவன் உள்ள வர்றான். லெட்டர்ஹெட்ல பிடிஎஃப் ஒண்ணு வாட்ஸப்புல வரும், "எங்க பேங்க் மாறிருச்சு, இனி இந்த அக்கவுண்ட்ல போடுங்க"னு, சீல் இருக்கும், கையெழுத்து இருக்கும், எல்லாம் பழைய பில்லுல இருந்து வெட்டி ஒட்டுனதா இருக்கும்.

எக்ஸ்போர்ட்டுக்குன்னு தனிக் கவலையும் இருக்குது. ஆர்கானிக் ஆர்டர்னா ஜிஓடிஎஸ்ங்கற உலக ஆர்கானிக் துணித் தரத்தோட ஸ்கோப் சர்டிபிகேட், அதாவது இந்த யூனிட் இந்த வேலையைச் செய்யலாம்ங்கற சான்று, அதிகபட்சம் ஒரு வருசம்தான் உயிரு, சாயம் போடறவரும் பிரிண்ட் பண்றவரும் அந்தச் சங்கிலிக்குள்ள இருக்கணும். 2020 அக்டோபர்ல ஜிஓடிஎஸ் அமைப்பே வெளிய சொல்லுச்சு, இந்தியாவுல போலி சர்டிபிகேட் வெச்சு 20,000 டன் பருத்தி ஆர்கானிக்னு போயிருக்குதுன்னு, அரசாங்கத்தோட வெப்சைட் மாதிரியே போலியா ஒண்ணு செஞ்சு வெச்சிருந்தாங்க. பேப்பரைப் பாத்து நம்பினவங்கதான் மாட்டுனாங்க. டையிங்குக்கு வாரியத்தோட அனுமதி வேற. 2011 ஜனவரியில சென்னை ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப நொய்யல் ஓரத்துல என்ன ஆச்சுன்னு இந்த ஊர்ல யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல, அதுக்குப் பொறவு அனுமதி இல்லாத பட்டறையில துணி குடுக்கறதுங்கறது ஆர்டரையே பணயம் வெக்கற வேலை.

சரி, இப்ப வழிகளுக்கு வருவோம்.

தனியா டேலியில வெச்சுக்கறது. இதுல ஒரு பெரிய நன்மை இருக்குது, நம்ம ஆளுக்குப் பார்ட்டியைத் தெரியும். அக்கவுண்ட்ஸ்ல பத்து வருசமா இருக்கற அக்கா ஒருத்தரு இருப்பாங்க, "அது அவங்க தம்பி பேர்ல இருக்கற யூனிட்டுங்க, இது அவரு சம்சாரம் பேர்ல இருக்கறது, அட்ரஸ் ஒண்ணுதான், போன் ஒண்ணுதான், ஆனா பில்லு வேற வேற"ன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவாங்க. கொங்கு நாட்டுல தொழில் குடும்பத்துக்குள்ளயே பிரிஞ்சு கெடக்கறதால இந்த அறிவு இல்லாம எந்த சாப்ட்வேரும் நிக்காது. ஆனா அந்த அக்கா லீவுல போனா போச்சு. லக்ஷ்மிங்கற பேரை ஒருத்தரு எச் போட்டு அடிப்பாங்க, ஒருத்தரு போடாம அடிப்பாங்க, ஒருத்தரு ஸ்ரீ சேத்து அடிப்பாங்க, ஒரே பார்ட்டிக்கு மூணு லெட்ஜர் ஆயிடும், டிடிஎஸ் லிமிட் மூணாப் பிரிஞ்சு 1 லட்சத்தைத் தாண்டாத மாதிரி காட்டும். நூறு பார்ட்டிக்குள்ள இருக்கற சின்னக் கம்பெனிக்கு இந்த வழியே போதும், ஆனா பேரை வெச்சுத் தேடாம பான் நம்பரை வெச்சுத் தேடிட்டுத்தான் புது லெட்ஜர் தொறக்கணும்னு ஒரு கட்டாயம் போடணும். அதை மட்டும் செஞ்சாலே பாதி டூப்ளிகேட் நின்னுடும்.

காசு குடுத்து வாங்கற செக் சர்வீஸ். லிஸ்ட்டை ஏத்துனா ஜிஎஸ்டி ஸ்டேட்டஸ், ரிட்டர்ன் போட்டிருக்காங்களா, பான் ஆதாரோட சேந்திருக்குதா, உத்யம் என்ன வகை, எல்லாம் ஒரே நேரத்துல வந்துடும், ஒரு ரூபாய் அனுப்பி பேங்க் அக்கவுண்ட் பேரையும் சரி பாக்கும். வேகம் நல்ல வேகம், ராத்திரி ஓட்டி விட்டா காலையில ரெடி. 2பி மேட்ச் பண்ற வேலைக்கு இது இல்லாம முடியாதுங்கற அளவுக்கு பில்லு இருக்கற கம்பெனி கண்டிப்பா எடுக்கணும். ஆனா ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு, இதுல பாதிக்கு மேல அரசாங்க சைட்லயே சும்மா பாக்கலாம். ஜிஎஸ்டி போர்ட்டல்ல லாகின் இல்லாமயே சட்டப்பேரு, கடைப்பேரு, எந்த வகை நிறுவனம், ஆக்டிவா இல்லியா, எந்த மாசம் ரிட்டர்ன் போட்டாரு எல்லாம் வருது. உத்யம் சைட்லயும் நம்பரைப் போட்டு சரிபாக்கலாம். ரிசர்வ் பேங்க் சொன்னதுக்கு அப்புறம் 2025 ஏப்ரல் 1ல இருந்து ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் அனுப்பறதுக்கு முன்னாடியே அந்த அக்கவுண்ட் யாரு பேர்ல இருக்குதுன்னு பேங்க்ல காசு இல்லாமயே பாத்துக்கற வசதி வந்திருச்சு. இதை நெம்பப் பேரு இன்னும் உபயோகிக்கறதே இல்ல, பேமென்ட் போடற ஆளுக்கு முதல்ல இதைச் சொல்லிக் குடுங்க. ரெண்டு, இந்த சர்வீஸ் அரசாங்கப் பதிவுல இருக்கறதைத்தான் சொல்லும். யூனிட் எடம் மாறிருச்சு, அனுமதி ரின்யூவல்ல நிக்குது, ஸ்கோப் சர்டிபிகேட்ல இந்த யூனிட்டோட அட்ரஸ் இல்ல வேற யூனிட்டோடது இருக்குது, இதெல்லாம் அதுக்குத் தெரியாது. அதைத் தெரிஞ்சவரு போன வாரம் அங்க லாட் எடுக்கப் போன, ஆர்டரைக் கவனிக்கற மர்ச்சண்டைசர்தான், அதுவும் பக்கத்து கம்பெனி மர்ச்சண்டைசர்.

சப்ளையரையே நிரப்பச் சொல்ற போர்ட்டல். பெரிய பிராண்டுங்க இதைத்தான் பண்றாங்க, பேப்பர்ல பாத்தா இதுதான் நியாயமும் கூட, ஏன்னா அவரு தகவலுக்கு அவருதான் பொறுப்பு. நூல் மில்லு, டிரிம்ஸ் சப்ளையர், கெமிக்கல் கம்பெனி, இவங்களுக்கெல்லாம் ஆபீஸ் இருக்குது, ஆள் இருக்குது, நிரப்பிடுவாங்க. ஆனா பத்து மிஷின் பவர் டேபிள்காரரு பத்து கம்பெனிக்கு பத்து போர்ட்டல், பத்து பாஸ்வேர்டுன்னா என்ன பண்ணுவாரு, அவரோட ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கற பையன்கிட்டக் குடுத்துடுவாரு, அந்தப் பையன் போன வருசத்தை அப்படியே காப்பி பண்ணிப் போடுவான். அவரு மேல தப்பே இல்லீங்க. துணியை வாங்கித் தெச்சு டெலிவரி குடுக்கறதுக்கே பகல் பத்தறதில்ல. அதனால நம்ம தொழில்ல பொடி யூனிட்டுங்க இருக்கற கட்டத்துக்கு இந்த வழியை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். சப்ளையர்கிட்ட ஒரே ஒரு தடவை கேட்டு, அந்தப் பதிலை எல்லாரும் உபயோகிக்கற மாதிரி இருந்தாத்தான் அவருக்கும் மரியாதை, நமக்கும் சரியான தகவல்.

அதுதான் நாலாவது வழி. ஒட்டுக்கா பாத்துக்கறதுங்கறது புதுசா யாரும் கண்டுபுடிக்க வேண்டியதில்ல, வெளிய ஏற்கனவே நடந்திட்டு இருக்குது. சுவிட்சர்லாந்துல செயின்ட் காலன் பல்கலைக்கழக ஆராய்ச்சியில இருந்து கெளம்புன சிடிக்யூங்கற கம்பெனி, பெரிய பெரிய நிறுவனங்களைச் சேத்து ஒரே விதிமுறையில வாடிக்கையாளர், சப்ளையர் தகவலைப் பகிர்ந்து சரிபாக்க வெச்சிருக்குது, ஒருத்தரு திருத்துனா மத்தவங்களுக்கும் போகுது, போலி பேங்க் கணக்குன்னு ஒருத்தரு மாட்டுனா அந்த எச்சரிக்கையும் போகுது. ஜெர்மனியில கார் தொழில்காரங்க 2021ல ஆரம்பிச்ச கேட்டனா-எக்ஸ்ல இன்னும் தெளிவா ரெண்டாப் பிரிச்சிருக்காங்க. நம்ம கம்பெனி தகவல் நம்ம வாசல்ல நம்மகிட்டயே இருக்கும், அதுல இருந்து பொதுவானது மட்டும் சரிபாத்து பொதுக்குளத்துக்குப் போகும். சட்டப்படி நிறுவனத்துக்கு ஒரு நம்பர், யூனிட்டுக்கு ஒரு நம்பர், முகவரிக்கு ஒரு நம்பர்னு மூணு தனி நம்பர் குடுக்கறாங்க.

இந்த மூணு நம்பர் விஷயத்தை நாம அப்படியே எடுத்துக்கலாம், இதுக்காக சாப்ட்வேர்கூட வேண்டாம். சட்டப்படி ஆளுக்கு பான், வரிக்கு ஜிஎஸ்டி நம்பர், எடத்துக்கு யூனிட். ஒரே பான்ல ஒருத்தரு நிட்டிங்கும் வெச்சிருப்பாரு, டையிங்கும் வெச்சிருப்பாரு, டிடிஎஸ் லிமிட் பான் மேல சேரணும், கிரெடிட் ஜிஎஸ்டி நம்பர் மேல பாக்கணும், வாரிய அனுமதியும் ஸ்கோப் சர்டிபிகேட்டும் யூனிட் மேல பாக்கணும். இது மூணையும் ஒரே லெட்ஜர் பேர்ல குழப்பி வெக்கறதுதான் எல்லா ஆடிட் சண்டைக்கும் வேரு.

நம்ம தொழில்லயே பங்கு போடற பழக்கம் இருக்குது, கவனிச்சிருப்பீங்க. சப்ளையர் தகவலைப் பகிர்ற செடெக்ஸ் தளத்துல ஒரு தடவை ஸ்மெட்டாங்கற தொழிலாளர் நல ஆடிட் பண்ணி ஏத்துனா பல பையருங்க பாத்துக்கறாங்க, பாதுகாப்பான கெமிக்கல் லிஸ்ட் வெச்சிருக்கற இசட்டிஹெச்சி கேட்வேல கெமிக்கல் கம்பெனி ஒரு தடவை பதிஞ்சா எல்லா சாயப்பட்டறையும் பாக்குது. பையருக்காக நாம செய்யறோம், நமக்காக நாம செய்யறதில்ல, அதுதான் எனக்கு ஆதங்கமே.

இதுல பயம் நியாயமானது, அதையும் சொல்லணும். "என் டையிங் யாருன்னு போட்டிக்காரனுக்கு ஏன் காட்டணும்?"னு முதலாளி கேப்பாரு. கேக்கட்டும். நல்ல டையிங்காரரைத் தேடிப் புடிச்சு வெச்சிருக்கறது அவரோட முதலு. அதனால பொது லிஸ்ட்ல எந்த கம்பெனி எந்த யூனிட்டுக்கு வேலை குடுக்குதுங்கறது இருக்கக்கூடாது. "இந்த ஜிஎஸ்டி நம்பரை இந்தத் தேதியில பாத்தோம், ஆக்டிவ், ரெகுலர். உத்யம்ல ஸ்மால், தயாரிப்பு. வாரிய அனுமதி பேப்பரைப் பாத்தோம், இந்தத் தேதி வரைக்கும் இருக்குது." இவ்வளவுதான். பாத்தது யாருங்கறது லிஸ்ட்டை நடத்தறவருக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்.

ரேட், கிரெடிட் நாள், யாரு பணம் லேட்டா குடுக்கறாங்க, யாரோட வேலை செய்யக்கூடாது, இதெல்லாம் லிஸ்ட்ல வந்துச்சுன்னா அங்கயே நிறுத்திடணும். 2002 போட்டிச் சட்டத்துல 3வது பிரிவு போட்டியாளருங்க சேந்து விலையை முடிவு பண்றதைத் தடுக்குது, அந்தப் பக்கமே போகக்கூடாது. அதோட ஒருத்தரைக் கறுப்புப் பட்டியல்ல போடறது அவரோட பொழப்புல மண்ணைப் போடற காரியம், ஒரு மேனேஜருக்கு ஆகாததால ஒரு ஜாப் ஒர்க் யூனிட் ஊரு பூரா வேலை இல்லாம நிக்கக்கூடாது. உண்மை இருக்கலாம், அபிப்பிராயம் இருக்கக்கூடாது, இதுல நான் நெம்பக் கறாரு.

தனிநபர் தொழில்ல பான், போன் நம்பர், வீட்டு அட்ரஸ் எல்லாமே அந்த ஆளோட சொந்தத் தகவல், 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் அதைப் பாக்குது. அதனால சப்ளையர்கிட்ட ஒரு பக்கத்துல தமிழ்ல எழுதி, எதுக்காக, யாரு யாரு பாப்பாங்க, வேண்டாம்னா எப்படி எடுக்கறதுன்னு சொல்லி சம்மதம் வாங்கணும். ஆதார் காப்பி உள்ள வரவே கூடாது, அது எதுக்கும் தேவையும் இல்ல.

பேங்க் அக்கவுண்ட்டைப் பத்தித்தான் எல்லாரும் மல்லுக்கு நிப்பாங்க, அதைத்தானே முதல்ல பொதுவாக்கணும்னு. என்னோட பதில் முடியாதுங்கறதுதான். பொது லிஸ்ட்ல அக்கவுண்ட் நம்பர் இருந்தா, அந்த லிஸ்ட்டுக்குள்ள ஒருத்தன் கை வெச்சு ஒரு நம்பரை மாத்துனா இருவது கம்பெனி பணமும் ஒரே நாள்ல தப்பான எடத்துக்குப் போகும். தனித்தனியா இருக்கறது இங்க மட்டும் நமக்குப் பாதுகாப்பு. பொதுவுல போடக்கூடியது எச்சரிக்கை மட்டும்தான், "இந்த யூனிட் பேர்ல பேங்க் மாத்தச் சொல்லி லெட்டர் சுத்துது, நேர்ல கேட்டோம், அவங்க அனுப்பலை"ன்னு. அது ஒரு மணி நேரத்துல எல்லாருக்கும் போகணும். மத்தபடி ஒவ்வொரு கம்பெனியும் ஏற்கனவே தன்கிட்ட இருக்கற பழைய நம்பர்ல கூப்பிட்டு, லெட்டர்ல இருக்கற நம்பர்ல இல்ல, முதலாளிகிட்ட வாயால கேட்டு, அப்புறம் பேங்க்ல பேரைப் பாத்துட்டுத்தான் மாத்தணும். மாத்தறவரு ஒருத்தரு, ஒப்புதல் குடுக்கறவரு வேற ஒருத்தரு.

யாரு நடத்தறதுங்கறதுல எனக்கு ரெண்டு யோசனை. ஒரே ஆடிட்டர்கிட்ட இருக்கற கம்பெனிங்க சேரலாம், சுலபம், அவருக்கு சட்டம் தெரியும், ஆனா அவரு கிளையண்ட் ரகசியத்தை எங்க பிரிக்கறதுங்கறது குழப்பமாகும், ஆளை மாத்துனா லிஸ்ட்டும் போயிடும். தொழில் சங்கம் நடத்தலாம், திருப்பூர்ல 1990ல இருந்து எக்ஸ்போர்ட்டர்ஸ் அசோசியேஷன் இருக்குது, கோயம்புத்தூர்ல மில்லுக்காரங்களுக்கு சைமா, சின்னத் தொழில்காரங்களுக்கு கொடிசியா. சங்கம்னா ஜாப் ஒர்க் பண்றவங்களோட சங்கத்தையும் ஒரே மேசையில உக்கார வெக்கணும், அவங்க தகவலை அவங்க இல்லாம நாம நிர்வகிக்கறது சரியில்ல. சங்கம் வழிதான் நீண்ட நாளைக்கு நிக்கும்னு நான் நம்பறேன், ஆனா அது கூடி முடிவெடுக்க நாளாகும், அதுவரைக்கும் ஒருத்தரை ஒருத்தரு நம்பற நாலஞ்சு கம்பெனி ஒரு ஷேர் பண்ணுன ஷீட்ல ஆரம்பிக்கறதுல தப்பே இல்ல, திருத்தற உரிமை கம்பெனிக்கு ஒருத்தருக்கு மட்டும், யாரு எதை மாத்துனாங்கங்கற வரலாறு அழியாம இருக்கணும்.

அப்ப யாருக்கு எது? நூறு பார்ட்டிக்குள்ள உள்ளூர் வியாபாரம் மட்டும்னா டேலி, பான் கட்டாயம், மூணு மாசத்துக்கு ஒருக்கா ஜிஎஸ்டி போர்ட்டல், அது போதும், காசைச் செலவு பண்ணாதீங்க. நடுத்தர எக்ஸ்போர்ட்டர், டையிங்கும் பிரிண்டிங்கும் வெளிய குடுக்கறவரு, அவருக்கு ஒட்டுக்கா லிஸ்ட்டோட பெரிய பலன், கூட 2பிக்கு மட்டும் ஒரு சர்வீஸ். சொந்த டையிங், சொந்த நிட்டிங் வெச்சிருக்கற பெரிய குழுமங்களுக்கு சர்வீஸும் போர்ட்டலும் கட்டுபடியாகும், ஆனா அவங்களும் தெக்கறதுக்கு வெளிய குடுக்கத்தான் செய்யறாங்க, அதுனால அவங்க லிஸ்ட்டுக்குள்ள வந்தா எல்லாருக்கும் நல்லது, வர்றப்ப மத்தவங்களைவிட அதிக அதிகாரம் கேக்காம வரணும்.

ஆரம்பிக்கறதுன்னா உத்யம் கட்டத்துல ஆரம்பிங்க. அது போட்டி ரகசியம் இல்ல, அரசாங்க சைட்ல நம்பரைப் போட்டா பாக்கலாம், தப்பாப் போனா எல்லாருக்கும் ஒரே மாதிரி வரி அடி. பான், உத்யம் நம்பர், வகை, தயாரிப்பா ட்ரேடிங்கா, பாத்த தேதி, இந்த அஞ்சு கட்டம் போதும். ஜனவரியில தொடங்குனா மார்ச் 31 பேமென்ட் லிஸ்ட் போடறப்ப யாருக்கு எத்தனை நாள்ங்கறது கையில இருக்கும். அது ஒரு வருசம் சண்டை இல்லாம ஓடுச்சுன்னா வாரிய அனுமதித் தேதியையும் ஸ்கோப் சர்டிபிகேட் தேதியையும் சேருங்க.